ஏழாம் கட்டு திறப்பு விழா

எங்கள் மன்றத்தின் விதிப்படி, நாவலின் ஒரு கட்டைத் திறக்க வேண்டுமென்றால் சிறப்பு விருந்தினர் ஒருவர் வந்தாக வேண்டும். ஆறாம் கட்டுக்குக் கிடைத்தவர் ஓய்வுபெற்ற வட்டாட்சியர். ஏழாம் கட்டுக்கு அவரைவிடக் கீழே ஒருவரைக் கூப்பிட்டால் நாவல் சரிகிறது என்று வெளியூர் மன்றங்கள் பேசும். ஆகவே தலைவர் பீமராவ் கோட்டாட்சியர் மட்டத்தில் ஆள் தேடிக்கொண்டிருந்தார். அந்தத் தேடல் முடியும்வரை ஏழாம் கட்டு கட்டியபடியே இருக்கும். என் அப்பா டயாலிசிஸ் படுக்கையில் அதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

இதை வரிசைப்படி எழுதினால்தான் எனக்கே விளங்கும்.

தில்லை நகரில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேலே, இரண்டாம் மாடியில் நெடுவாசிப்பு மன்றம் இருக்கிறது. செவ்வாய், வெள்ளி மாலைகளில் அங்கே நெடுநாவல் வாசிப்புப் பட்டய வகுப்பு நடக்கும். நான் பகலில் மருந்து மொத்தக் கடையில் பில் போடுகிறவன். பள்ளிக்கூட நாளிலிருந்து டயரி எழுதும் பழக்கம் உண்டு. ஆனால் என் டயரியும் பில் மாதிரிதான் இருக்கும். 'காலை இட்லி. மழை இல்லை. அப்பாவுக்குக் கால் வீக்கம்.' அதற்கு மேல் எனக்கு வராது. மனதில் ஓடுவதை ஓடுகிறபடியே எழுதக் கற்றுக்கொள்ளலாம் என்று நினைத்துச் சேர்ந்தேன். மன்றத்தில் எழுதக் கற்றுத்தரவில்லை. வாசிக்கவும் கற்றுத்தரவில்லை. வாசிப்பதற்குத் தகுதியாவது எப்படி என்பதைக் கற்றுத்தந்தார்கள்.

பாடநூல் ஒரே ஒரு நாவல். பெயர் 'சிந்தாமணி முதல் மாம்பழச்சாலை வரை'. சிந்தாமணி என்பது காவிரிப் பாலத்தின் திருச்சிப் பக்கம். மாம்பழச்சாலை ஸ்ரீரங்கப் பக்கம். ஒருவன் கையில் மஞ்சள் பையோடு இந்த முனையில் ஏறி அந்த முனைக்கு நடக்கிறான். கதை அவ்வளவுதான். நிதானமாக நடந்தாலும் டீ ஆறுவதற்குள் தாண்டிவிடலாம். நாவலோ தொள்ளாயிரம் பக்கத்துக்கு மேல். மனதின் ஓட்டத்தை அப்படியே எழுதும் நனவோடை நடை, முற்றுப்புள்ளியே கிடையாது. அவன் ஒரு விளக்குக் கம்பத்தைப் பார்க்கிறான், கம்பத்திலிருந்து கல்யாண வீட்டுப் பந்தல் நினைவு வருகிறது, பந்தலிலிருந்து ஒரு சண்டை, சண்டையிலிருந்து ஒரு பல்வலி. நூறு பக்கம் கழித்துப் பார்த்தால் அதே கம்பத்துக்குக் கீழே நிற்கிறான். ஆசிரியர் காலமாகிப் பல வருடம் ஆகிறது. விற்காமல் கிடந்த பிரதிகளையெல்லாம் மன்றம் எடுத்துவந்து பீரோவில் வைத்திருந்தது. வேறு எங்கும் கிடைக்காது.

நாவலை மன்றம் ஒன்பது கட்டுகளாகப் பிரித்திருந்தது. ஒவ்வொரு கட்டின் பக்கங்களையும் சேர்த்து மேலிருந்து கீழாகச் சிவப்பு ரிப்பனால் சுற்றி, முடிச்சின் மேல் அரக்கு வைத்து, மன்றத்தின் முத்திரையைக் குத்தியிருப்பார்கள். திறப்பு விழா நடந்த கட்டைத்தான் வாசிக்கலாம். முந்திப் படிக்கக் கூடாது. சேரும்போதே இதற்கு உறுதிமொழி உண்டு. வலது கையை நாவலின் மேல் வைத்து எடுக்க வேண்டும்.

முதல் வகுப்பில் தலைவர் இதற்கு விளக்கம் தந்தார். அவர் பொதுப்பணித் துறையில் பெரிய பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் காபி கேட்கும்போதும் மேடைத் தமிழில்தான் கேட்பார் என்று சொல்வார்கள்.

"நனவோடை என்றால் என்ன? ஓடை! ஓடைக்கு என்ன வேண்டும்? மதகு வேண்டும்! முப்பதாண்டுக் காலம் மதகுகளைத் திறந்து மூடியவன் நான். விவசாயி கேட்கிறான் என்று மதகைத் திறந்தால் நிர்வாகம் என்னாவது? தண்ணீரின் அருமை, அது வராதபோதுதான் தெரியும். இலக்கியமும் அவ்வாறே. இந்த ரிப்பன் வெறும் துணியன்று நண்பர்களே. இதுவே நம் மதகு!"

எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சேக் மைதீன் பாய் என் காதருகே குனிந்தார். பெரிய கடைவீதியில் அத்தர்க் கடை வைத்திருப்பவர் அவர். மகள் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் ஏதாவது போட வேண்டும் என்று பட்டயத்துக்குச் சேர்ந்திருந்தார்.

"தம்பி, நான் குவைத்துல பாதி வயச கழிச்சவன். ஏர்போர்ட் கஸ்டம்ஸ்லகூட இவ்வளவு சீலு பாத்ததில்ல."

விழாக்கள் எப்போதும் ஒரே மாதிரி நடக்கும். குத்துவிளக்கு, இறைவணக்கம், வரவேற்புரை, முன்னிலை, தலைமையுரை. பிறகு தாம்பாளத்தில் கத்தரிக்கோல் வரும். சிறப்பு விருந்தினர் தலைவரின் பிரதியில் ரிப்பனை வெட்டுவார். நாதஸ்வர ஒலிநாடா ஓடும். உறுப்பினர்கள் தங்கள் பிரதிகளை வெட்டிக்கொள்வார்கள். செயலாளர் பானுமதி மேடம் கத்தரிக்கோல்களைத் திரும்ப வாங்கிச் சரிபார்ப்பார். பிறகு ஒரு பக்கம் மௌன வாசிப்பு. பிறகு பொன்னாடை, நன்றியுரை, சேமியா கேசரி. அடுத்தடுத்த வகுப்புகளில் தேர்வுக்கான கேள்விகளுக்கு விடை எழுதப் பழக்குவார்கள். 'ஆசிரியர் முற்றுப்புள்ளி இடாமைக்கான காரணங்கள் ஐந்தினைக் கூறுக.' நாங்கள் ஐந்து காரணங்களையும் முற்றுப்புள்ளியோடு எழுதுவோம்.

அந்த ஒரு பக்கத்துக்கு மேல் யாரும் படித்ததாகத் தெரியவில்லை. நான் படித்தேன். அதற்குக் காரணம் என் அறிவல்ல, டயாலிசிஸ்.

அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரம் மூன்று தடவை தில்லை நகரில் ஒரு மருத்துவமனையில் நான்கு மணி நேரம் மெஷினில் படுத்திருக்க வேண்டும். காலை ஷிப்டில் கூட இருந்துவிட்டு மதியம் கடைக்குப் போக முதலாளி சம்மதித்திருந்தார். அப்பா டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சும்மா படுத்திருக்கத் தெரியாதவர். மெஷின் ஒவ்வொரு தடவை பீப் அடிக்கும்போதும், "யாரோ இறங்கணுங்கிறான் பாரு," என்பார். ஒருநாள் பையில் நாவல் இருந்தது.

"கதை படிக்கட்டுமாப்பா?"

"என்ன கதை?"

"ஒருத்தன் காவிரிப் பாலத்துல நடந்து போறான்."

"எதுக்கு நடக்கணும்? ஒண்ணாம் நம்பரு வரலியா?"

படித்தேன். எனக்கே புரியாததை அவருக்குப் படிக்கிறோமே என்று கூச்சமாகத்தான் இருந்தது. அப்பா கண்ணை மூடிக் கேட்டார். இடையிடையே கேள்வி வந்தது. "இப்ப எத்தனாவது கம்பத்துல நிக்கிறான்?" "பையில என்ன வெச்சிருக்கான்?" "செருப்பு போட்டிருக்கானா?" கம்பக் கணக்கைத் தவிர எதற்கும் நாவலில் பதில் இல்லை. இருந்தாலும் அடுத்த தடவைக்கு இன்னும் எத்தனை நாள் என்று கேட்க ஆரம்பித்தார். அதற்கு முன்பு டயாலிசிஸுக்குப் புறப்படும்போதெல்லாம் அம்மாவோடு சண்டை போடுகிறவர்.

"என்னாங்க, இவ்ளோ சீக்கிரம் சட்டையைப் போட்டுட்டீங்க?" என்று அம்மா கேட்டாள்.

"அந்த ஆளு நடுப்பாலத்துல நிக்கிறான் அமிர்தம். வெயிலு ஏறிடும்ல."

நான்காம் கட்டு ஓடும்போது ஒருநாள் அப்பா நிறுத்தச் சொன்னார்.

"எத்தனை வருஷம்டா நான் அந்தப் பாலத்துல போனேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவ. ஒருநாளும் நடந்ததில்லைடா. ஆத்தைப் பாத்ததேயில்ல, தெரியுமா? பாலத்துல ஏறுறதுக்குள்ள டிக்கெட்டக் கொடுத்து முடிக்கணும், மாம்பழச்சாலைல செக்கிங் நிப்பான். தலையைக் குனிஞ்சமேனிக்கே ஓடிப்போச்சு." காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வீங்கிப் பளபளவென்று இருந்தது. "இனிமே நடக்கவா போறோம். சரி, அவனாவது போயிச் சேரட்டும். போயிச் சேருவான்ல?"

"படிச்சாத்தான்ப்பா தெரியும்."

"படி."

டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, இதயம் தாங்குவது கஷ்டம், சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவையுங்கள் என்றது ஆறாம் கட்டு முடிகிற சமயத்தில். அன்று டயரியில், 'மருந்து மாற்றம். ஆறாம் கட்டு இன்னும் ஒரு வேளைக்கு வரும்' என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

ஏழாம் கட்டு எப்போது என்று பானுமதி மேடத்திடம் கேட்டேன். கோட்டாட்சியர் ஒப்புக்கொண்டிருந்தார், அழைப்பிதழும் அடித்தாயிற்று, அவருக்கு மாற்றல் வந்துவிட்டது என்றார். அடுத்து ஒரு கல்லூரி முதல்வர். அவர் கல்லூரி சுயநிதி என்று செயற்குழுவில் ஆட்சேபம் வந்தது. அடுத்து டிவி பட்டிமன்ற நடுவர். அவர் வரச் சம்மதித்து, நாவல் நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்லலாமா என்று கேட்டார். தலைவர் பதறிப்போய், அந்த நிலைக்கு மன்றம் இன்னும் வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

என் பிரதி வீட்டில்தான் இருந்தது. ரிப்பனை வெட்ட அம்மாவின் கத்தரிக்கோல் போதும். அதை நான் யோசிக்காமல் இல்லை. புத்தகத்தையும் பிளேடையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கே போனேன். அப்பா பார்த்துவிட்டார்.

"என்னடா அது பிளேடு?"

சொன்னேன்.

"வேணாம். சீல் வெச்சதை உடைக்காத." அவர் குரல் திடீரென்று யூனிபார்ம் போட்டுக்கொண்டது. "என் சர்வீஸ்ல, ஸ்டேஜ் தாண்டி எவனையும் ஓசில ஏத்துனதில்ல. சொந்த மச்சானையே மழையில இறக்கி விட்டிருக்கேன். அவங்களுக்குன்னு ஒரு முறை இருக்கும். எழுதிக் கேளு. படிச்சவங்க, இல்லேன்னா சொல்லப் போறாங்க?"

எழுதிக் கேட்டேன். 'தந்தையாரின் உடல்நிலை கருதி ஏழாம் கட்டை முன்கூட்டித் திறக்க அனுமதி வேண்டுதல்.' செயற்குழு அதை எடுத்துக்கொண்டு ஒரு மாலை முழுவதும் பேசியது. நான் வெளியே மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். கீழே பல்லை ராவும் சத்தமும் உள்ளே தலைவரின் சத்தமும் மாறி மாறிக் கேட்டன.

"இன்று சிறுநீரகத்துக்குத் திறந்தால் நாளை இதயத்துக்குக் கேட்பார்கள்! நாளை மறுநாள் சளிக்கும் இருமலுக்கும் கேட்பார்கள்! முடிவைத் தெரிந்துகொள்ளத் துடிப்பது வாசகப் பண்பா? நான் இந்த நாவலோடு இருபதாண்டாக வாழ்கிறேன். முடிவு எனக்குத் தெரியாது. தெரியாமல் எவ்வளவு கம்பீரமாக இருக்கிறேன் பாருங்கள்!"

கடைசியில் துணைக்குழு ஒன்று அமைத்தார்கள். அது நோயாளியை நேரில் கண்டு, அவர் ஏழாம் கட்டுக்குத் தகுதியான வாசகர்தானா என்று அறிக்கை தர வேண்டும்.

துணைக்குழு என்பது தலைவர், பானுமதி மேடம், ஒரு போட்டோக்காரர். காலை ஷிப்டில் வந்தார்கள். நர்ஸ் லிசி அக்கா செருப்பைக் கழற்றச் சொல்லி, இரண்டு பேருக்கு மேல் கூடாது என்று போட்டோக்காரரைக் கதவிலேயே நிறுத்தினாள். அவர் கண்ணாடி வழியாகப் படமெடுத்தார். அப்பா எழ முயன்றார். இடது கையிலிருந்து இரண்டு குழாய் மெஷினுக்குப் போய்க்கொண்டிருந்தது. வலது கையை மட்டும் தூக்கி வணக்கம் வைத்தார்.

"ஐயா, நனவோடை உத்தி குறித்துத் தங்கள் கருத்தென்ன?" என்றார் தலைவர்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"அதெல்லாம் தெரியாதுங்க. அந்த ஆளு நாலாவது கம்பத்துகிட்ட நிக்கிறாரு. பாவம், வெயிலு. கொஞ்சம் நகத்தி விட்டீங்கன்னா தேவல."

"அவன் நிற்கிறானா, நிற்பதாக நினைக்கிறானா?"

"எதுவா இருந்தாலும் காலு வலிக்கும்ல சார்."

பானுமதி மேடம் எழுதிக்கொண்டார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு ஊதாச் சால்வையை எடுத்துத் தலைவரிடம் நீட்டினார். தலைவர் அதை விரித்து அப்பாவின் மேல் போர்த்தினார். கழுத்திலிருந்து முழங்கால் வரை மூடியது.

"சார், சார்! ட்யூபை மூடாதீங்க," என்று லிசி அக்கா ஓடிவந்தாள். "ரத்தம் ஓடறது எங்க கண்ணுக்குத் தெரியணும்."

"ஓடட்டும் அம்மா, ஓடட்டும்," என்றார் தலைவர். கண்ணாடிக்கு வெளியே இருந்த கேமராவைப் பார்த்து, அப்பாவின் நெற்றியில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

அவர்கள் போன பிறகு அப்பா சால்வையின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். "நல்ல துணிடா. ரிட்டயர்மெண்டுக்குக்கூட நமக்கு ஒரு துண்டுதான் போட்டானுங்க." அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. "பாத்தியா, நேர்ல வந்தாங்க. தொறந்துருவாங்க."

அறிக்கை வெள்ளிக்கிழமை வகுப்பில் வாசிக்கப்பட்டது. 'நோயாளி பாத்திரத்தோடு அளவுக்கு மீறி ஒன்றியிருக்கிறார். பாத்திரத்தின் கால்வலி குறித்துக் கவலைப்படுகிறார். நவீன வாசகனுக்கு வேண்டிய விலகல் காணப்படவில்லை. ஆகவே முதல் ஆறு கட்டுகளில் அவருக்கு எழுத்துத் தேர்வு ஒன்று வைத்து, அதன் பின் பரிசீலிக்கலாம்.' வினாத்தாளையும் என்னிடம் கொடுத்தார்கள். சேக் மைதீன் பாய் அதை வாங்கிப் படித்துவிட்டு நாலாக மடித்தார்.

"தம்பி, இதுக்கு நான் பதில் எழுதித் தரவா? அஞ்சு காரணம்தானே. பெத்த அத்தாவுக்காகப் பொய் எழுதுனா அல்லா ஒண்ணும் சொல்ல மாட்டான்."

அவர் எழுதித் தந்தார். எழுத்து நோயாளியின் எழுத்தாக இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

அடுத்த இரண்டு வாரங்களில் அப்பா மிகவும் இளைத்துவிட்டார். மெஷினில் போட்டாலே பிரஷர் இறங்கியது. லிசி அக்கா கால் பக்கம் படுக்கையை உயர்த்தி வைப்பாள். கேட்க மட்டும் அவர் மறக்கவில்லை. "படிடா." நான் ஆறாம் கட்டை மறுபடி முதலிலிருந்து படித்தேன். மூன்றாவது பக்கத்தில் கையை அசைத்தார்.

"இந்த ஸ்டாப்பு போன தடவையே வந்துருச்சு."

"ஆமாம்ப்பா."

"அடுத்ததைப் படி. ஆர்டர் வந்துருச்சுல்ல?"

ரிப்பன் கட்டிய பக்கங்கள் என் விரலுக்கு அடியில் கனமாக இருந்தன. அரக்கு முத்திரை அவருக்குத் தெரியாதபடி கையை வைத்துக்கொண்டேன்.

"வந்துருச்சுப்பா," என்றேன். புத்தகத்தைப் பார்த்தபடி படிக்க ஆரம்பித்தேன்.

என்ன படித்தேன் என்பதைப் பிறகு நினைவிலிருந்து டயரியில் எழுதிவைத்தேன். எழுதியது முழுவதும் சரிதானா என்று சந்தேகம். ஏறக்குறைய இப்படி இருந்தது: அவன் கம்பத்தை விட்டு நகர்ந்தான் வெயில் முதுகில் இருந்தது ஆற்றில் தண்ணீர் ஒரு ஓரமாக ஓடியது மீதியெல்லாம் மணல் மணலில் நாணல் நாணலுக்குள் ஒரு நாய் தனக்கு வீடிருப்பது போல நடந்தது பின்னால் ஒண்ணாம் நம்பர் வந்தது படியில் நின்ற கண்டக்டர் காக்கிச் சட்டை காதில் பேனா எட்டிப்பார்த்து ஏறிக்கோப்பா என்றார் அவன் இல்லைங்க நடந்தே போறேன் என்றான் அவர் சிரித்தார் அவருக்கும் இறங்கி நடக்க ஆசைதான் ஆனால் டிக்கெட் பாக்கி இருந்தது பஸ் போனது அவன் கைப்பிடிச் சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்தான் சுவர் சூடாக இருந்தது தூரத்தில் கோபுரம் தெரிந்தது

"படியில நின்னானா?" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமல். "மெமோ கொடுப்பான்டா."

"ஓரமாத்தான் நின்னாருப்பா."

"சரி, சரி. படி." சிறிது நேரம் கழித்து, "நல்லா எழுதியிருக்கான். முன்னாடியெல்லாம் எனக்குக் கொஞ்சம் புரியாமத்தான் இருந்துச்சு. சொன்னா நீ சங்கடப்படுவேன்னு சொல்லல. இப்பத்தான் நடக்கறான்."

படித்துக்கொண்டே போனேன். பக்கம் புரட்டுவதுபோல நடுநடுவே விரலை அசைத்தேன். லிசி அக்கா மெஷினைப் பார்க்க வந்தவள், என் கையையும் அரக்கையும் பார்த்தாள். மறைப்புத் துணியை இழுத்துவிட்டுப் போனாள். ஆசிரியர் எழுதாததை அவர் எழுதியதாகச் சொல்கிறேன். நாளை உண்மையாகவே ரிப்பனை வெட்டினால் அங்கே வேறு ஏதாவது இருக்கும். அப்பா கேட்பார். இருந்தாலும் அவனை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. பாலத்தின் முக்கால் தூரம் கூட்டிவந்துவிட்டேன்.

அப்பாவின் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் சாய்வதுபோல.

"அலுப்பா இருக்குடா. கொஞ்சம் கண்ணை மூடுறேன். மாம்பழச்சாலை வந்தா எழுப்பு."

"சரிப்பா."

அதற்குப் பிறகு அவர் எழவில்லை. பிரஷர் இறங்கியது, ஓடிவந்தார்கள், கீழே தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் விடியும்போது முடிந்துவிட்டது. யாருடைய தவறும் இல்லை. டாக்டர் முன்பே சொன்னதுதான். அன்றைய டயரியில் 'அப்பா' என்று ஒரு சொல் இருக்கிறது. முற்றுப்புள்ளி வைக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு மன்றத்திலிருந்து அழைப்பிதழ் வந்தது. 'ஏழாம் கட்டு திறப்பு விழாவும் அமரர் மருதை நினைவேந்தலும்.' அடியில் ஒரு குறிப்பு: 'துயர நிகழ்வை முன்னிட்டு, சிறப்பு விருந்தினர் மட்டம் இக்கட்டுக்கு மட்டும் தளர்த்தப்படுகிறது.' சிறப்பு விருந்தினர் இடத்தில் என் பெயர் இருந்தது.

அம்மா பீரோவிலிருந்து ஊதாச் சால்வையை எடுத்துத் தந்தாள். "இதை அவங்ககிட்டயே கொடுத்துடு தம்பி. வீட்ல பாத்தா எனக்கு மனசு கேக்கல."

மேடையில் அப்பாவின் படம். கண்ணாடி வழியாக எடுத்தது. அப்பா பாதி, தலைவர் முழுசு. ஃப்ளெக்ஸில் 'நோயுற்ற நிலையிலும் ஆறு கட்டு கண்ட அறிஞர்' என்று அடித்திருந்தார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள், ஒரு நிமிடம் மௌனம், பிறகு தலைமையுரை.

"அமரர் மருதை ஏழாம் கட்டைக் காணாமலே மறைந்தார். இது இழப்பா? இல்லை நண்பர்களே, இதுவே வெற்றி! விதியை மீறாமல் மறைந்தார். அவர் கையெட்டும் தூரத்தில் புத்தகம் இருந்தது. ரிப்பன் இருந்தது. பிளேடும் இருந்ததாகச் செவிலியர் வாயிலாக அறிகிறேன். அவர் தொடவில்லை! இந்த மன்றத்தின் ரிப்பனுக்கு இவ்வளவு மதிப்பளித்தவர் இந்நகரில் இன்னொருவர் இல்லை. ஏன், நானே..." என்று சொல்லிவந்தவர் சட்டென்று நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். "நானே மூன்றாம் கட்டைத் தாண்டியதில்லை. அவரோ ஆறைக் கண்டார்."

கூட்டம் கைதட்டியது. அவர் என்ன சொன்னார் என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. சேக் மைதீன் பாய் மட்டும் கைதட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தாம்பாளத்தில் கத்தரிக்கோல் வந்தது. வெட்டினேன். இவ்வளவு சுலபமாக வெட்டுப்படும் என்று நினைக்கவில்லை. நாதஸ்வரம் ஓடியது. கீழே எல்லோரும் தங்கள் பிரதிகளில் வெட்டினார்கள். ஒரு பக்கம் மௌன வாசிப்பு. நானும் என் பிரதியைத் திறந்து பார்த்தேன்.

அவன் அதே நாலாவது கம்பத்தடியில் நின்றுகொண்டிருந்தான். மஞ்சள் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான். திரும்பிச் சிந்தாமணிப் பக்கம் பார்த்தான். அவ்வளவுதான் அந்தப் பக்கத்தில். மேலே புரட்டவில்லை. என்னுடைய ஆள் எவ்வளவோ தூரம் போயிருந்தான்.

சால்வையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பானுமதி மேடம் தயங்கினார். அவர் கண் கலங்கியிருந்தது. "போர்த்துனதைத் திரும்ப வாங்க ரூல் இல்ல தம்பி. நீங்களே வெச்சிக்குங்க." விருந்தினருக்குக் கொடுக்கும் மஞ்சள் பையில் சால்வையையும் புத்தகத்தையும் தானே மடித்து வைத்துத் தந்தார். மேடையில் தலைவர் எட்டாம் கட்டுக்கு யாரைக் கூப்பிடலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் கேசரி சாப்பிடாமல் இறங்கிவிட்டேன்.

எங்கள் வீடு உறையூர். அந்தப் பஸ் வந்தும் நான் ஏறவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டு போகிற பஸ்ஸில் ஏறி, அங்கிருந்து சிந்தாமணிக்கு நடந்தேன். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பாலத்தில் ஏறினேன். நாலாவது கம்பம் வந்தது. எந்தப் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும் என்று நாவலில் இல்லை. நானாக ஒன்றை வைத்துக்கொண்டேன். அங்கே ஒருவரும் நிற்கவில்லை. ஆற்றில் தண்ணீர் ஒரு ஓரமாகத்தான் ஓடியது. நாணல் இருந்தது. நாய் இல்லை. கைப்பிடிச் சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்தேன். சூடாகத்தான் இருந்தது. பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டேன். பையில் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

பாலம் இறங்குகிற இடத்தில் நின்றேன். ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது. அப்பாவிடம் சரி என்று ஒப்புக்கொண்ட வாக்கியம். சுற்றி ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள், சத்தமாகச் சொல்வதா மனதுக்குள் சொல்வதா என்று தெரியவில்லை. வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னால் ஒண்ணாம் நம்பர் வந்து நின்றது. கண்டக்டர் உள்ளேயிருந்து, தலையைக் குனிந்தபடி, டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே சத்தம் போட்டார்.

"மாம்பழச்சாலை! மாம்பழச்சாலை வந்துருச்சு, தூங்கறவங்கள எழுப்புங்க!"